கம்பைல் முடியட்டும், டீ ஆறட்டும்: கணினி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். நிரல் எழுதுகிறவர்கள், கம்பைல் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது) ஆக நேரம் பிடிக்கிறது, புதிதாக ஒரு மெஷின் போடலாமா, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறார்கள். நம் மொரீஷியஸின் ஐடி ஊரான எபேனில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார் போல. சரி, இந்த முறை பக்கம் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன். பிரிண்டர், வைஃபை, போனில் தமிழ் விசைப்பலகை கேட்டவர்கள் கோபிக்காமல் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் அண்ணா. எபேனில் ஒரு நிறுவனத்துக்கு சி++ எழுதுகிறேன், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. நாலு கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) லேப்டாப்பில் முழு பில்ட், அதாவது எல்லா ஃபைலையும் கம்பைல் செய்து ஒன்றாக்குவது, முடிய 50 நிமிஷம் ஆகிறது. கடைக்காரர் "எவ்வளவு கோர் அதிகமோ அவ்வளவு நல்லது, காசைப் பார்க்காதே" என்கிறார். நான் காசைப் பார்த்தே ஆகவேண்டும். எந்த ப்ராசஸர் வாங்கலாம்? (வாசகர், ரோஸ் ஹில்)

கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கப் போகிறீர்கள், அதனால் அதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

வாங்குவதற்கு முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கு முழு பில்ட் ஓட்டும்போது எழுந்து போகாமல், பக்கத்து ஜன்னலில் ஹெச்டாப்பை (ஒவ்வொரு கோரும் எவ்வளவு உழைக்கிறது என்று பட்டையாகக் காட்டும் கருவி) திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஆரம்பத்தில் எல்லா கோர்களின் பட்டைகளும் நுனிவரை நிறைந்திருக்கும். நடுவில் ஏதாவது ஒரு இடத்தில் திடீரென்று எல்லாம் விழுந்து ஒன்றே ஒன்று மட்டும் ஓடும் (அநேகமாக நிரலை உருவாக்கித் தரும் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட், அது முடிந்தால்தான் மற்றவை தொடங்கும்), அப்புறம் மறுபடி நிறையும், கடைசியில் லிங்க் கட்டம் (கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைப்பது) வரும்போது ஒரு பட்டை மட்டும் நூறில் நிற்க மற்றதெல்லாம் படுத்துவிடும். அந்த ஒற்றைப் பட்டை நேரத்தை மட்டும் தனியாக எழுதி வையுங்கள். உங்கள் பில்ட்டின் உண்மையான கணக்கு அதில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். காவடி முடிந்து கோவிலில் ஏழு கறி சமைக்கிற இடத்தில் நின்றிருப்பீர்கள். ஏழு அடுப்பு, ஏழு பேர் என்றால் ஏழு கறியும் ஒரே சமயத்தில் கொதிக்கும். பதினாலு பேரை நிறுத்தினால் காய் நறுக்குவதாவது வேகமாகும். நாற்பது பேரை நிறுத்தினால்? ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். எத்தனை பேர் இருந்தாலும் எல்லாக் கறியும் இறங்கிய பிறகுதான் இலை போட்டுப் பரிமாற முடியும். சி++-இல் ஒவ்வொரு மூல ஃபைலும் ஒரு கறி, தனித்தனியாக வேகும். லிங்க் செய்வது பரிமாறுகிற வேலை, அது கடைசியில்தான்.

உங்கள் 50 நிமிஷத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் பிரிக்க முடியாத ஒற்றை வேலை 3 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 47 நிமிஷத்தை நாலு கோர் பங்கு போட்டுச் செய்கிறது. அதே வேகமுள்ள கோர்கள் 16 இருந்தால் 47 என்பது 12 ஆகும், ஒற்றை வேலை 3, மொத்தம் 15. 32 கோர் இருந்தால் 6 கூட்டல் 3, ஒன்பது. 64 கோர் இருந்தால் 3 கூட்டல் 3, ஆறு. நாலிலிருந்து 16-க்குப் போனதில் 35 நிமிஷம் மிச்சம், 16-இலிருந்து 32-க்கு 6 நிமிஷம், 32-இலிருந்து 64-க்கு வெறும் 3 நிமிஷம். விலை மட்டும் நேர்மாறாக ஏறும். ஏஎம்டியின் 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ் 2024 ஆகஸ்டில் வெளியானபோது 649 டாலர். அவர்களுடைய 32 கோர் த்ரெட்ரிப்பர் 7970எக்ஸ் 2023 நவம்பரில் வந்தபோது 2,499 டாலர், 64 கோர் 7980எக்ஸ் 4,999 டாலர். இது அமெரிக்காவில் சொன்ன வெளியீட்டு விலை. நம் ஊருக்கு வரும்போது கப்பல் கூலி, 15 சதவீத வாட், கடைக்காரரின் பங்கு எல்லாம் மேலே ஏறும்.

இது என் வீட்டுக் கணக்கு, நம்ப வேண்டாம் என்றால் கூகுளே ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு முழுவதையும் பில்ட் செய்ய 72 கோரும் 64 ஜிபி ரேமும் உள்ள தங்கள் மெஷினில் சுமார் 40 நிமிஷம், ஏறக்குறைய அதே ரேம் உள்ள 6 கோர் மெஷினில் சுமார் 6 மணி நேரம் என்று தங்கள் வழிகாட்டியில் எழுதியிருக்கிறார்கள். கோர் 12 மடங்கு, வேகம் 9 மடங்கு. ஆண்ட்ராய்டு மாதிரி லட்சக்கணக்கில் ஃபைல் உள்ள மலையிலேயே மூன்று மடங்கு காணாமல் போகிறது என்றால் நம்முடைய குன்றுக்கு எவ்வளவு போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் உங்களுக்கு என் பதில்: 16 கோர் 9950எக்ஸ். பை இளைத்திருந்தால் 12 கோர் 9900எக்ஸ், அதிலும் ஒரு குறையும் இல்லை. கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக மெமரி) கூடுதலாக உள்ள எக்ஸ்3டி வகை விளையாடுகிறவர்களுக்கு, கம்பைலுக்கு அந்தக் கூடுதல் காசு திரும்பி வராது. இன்டெலில் கோர் அல்ட்ரா 9 285கே இருக்கிறது, பெரிய கோர் 8, சின்னது 16, ஆக 24. கம்பைலில் அதுவும் நன்றாகவே ஓடும். நான் ஏஎம்டி பக்கம் சாய்வதற்கு ஒரே காரணம், ஏஎம்5 சாக்கெட்டை (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) 2027 வரையாவது விடமாட்டோம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாலு வருஷம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், போர்டையும் ரேமையும் தூக்கிப் போட வேண்டாம். இந்தத் தீவில் ஒவ்வொரு பாகத்தையும் வரவழைக்கிற பாட்டைப் பட்டவனுக்கு அது பெரிய விஷயம்.

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். நீங்கள் புலம்புவது முழு பில்ட்டைப் பற்றி, ஆனால் ஒரு நாளில் முழு பில்ட் எத்தனை தடவை ஓட்டுகிறீர்கள்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மற்ற ஐம்பது தடவையும் ஒரு ஃபைலில் இரண்டு வரி மாற்றிவிட்டு அதை மட்டும் கம்பைல் செய்து லிங்க் செய்கிறீர்கள். அங்கே 16 கோர் இருந்தாலும் வேலை செய்வது ஒன்றுதான், அந்த ஒன்று எவ்வளவு வேகம் என்பதுதான் உங்கள் பொறுமையைத் தீர்மானிக்கிறது. 9950எக்ஸ் ஒற்றைக் கோரில் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 64 கோர் பூதங்கள் அவ்வளவு போகாது. லிங்க் செய்யும் மென்பொருளான லிங்க்கரை எல்எல்டி அல்லது மோல்டுக்கு மாற்றிப் பாருங்கள், இரண்டும் லிங்க் வேலையையும் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், இரண்டும் இலவசம். ஏற்கெனவே கம்பைல் செய்ததைச் சேமித்து வைத்துத் திருப்பித் தரும் சிகேஷும் போட்டு வையுங்கள், நிரலின் வேறொரு கிளைக்கு மாறித் திரும்பி வரும்போது அதன் அருமை தெரியும். இவ்வளவும் செய்த பிறகு பழைய லேப்டாப்பே போதும் என்று தோன்றினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், சந்தோஷப்படுவேன். கடைக்காரர் படமாட்டார்.

கேள்வி: ரேம் 32 ஜிபி போதுமா, 64 வேண்டுமா, 128 வேண்டுமா? போர்டில் நாலு ஸ்லாட் இருக்கிறதே, நாலையும் நிரப்பினால் வேகம் கூடுமா? இப்போது 16 ஜிபி-யில் கம்பைல் பாதியில் செத்துப்போகிறது, ஏன் என்று தெரியவில்லை. (வாசகி, குவாத்ர் போர்ன்)

கடைசியிலிருந்து வருகிறேன். செத்துப்போகும்போது திரையில் என்ன வார்த்தை வருகிறது என்று எழுதவில்லை நீங்கள். "கில்ட்" என்று ஒரு வார்த்தையும் கூடவே சிசி1ப்ளஸ் என்ற பெயரும் வந்தால் அது உங்கள் நிரலின் தப்பு இல்லை, கம்பைலரின் தப்பும் இல்லை. மெமரி தீர்ந்துபோய், லினக்ஸ் கெர்னல் யாரையாவது கொன்றுதான் ஆகவேண்டும் என்று கொழுத்த ஆளாகப் பார்த்துக் கொன்றிருக்கிறது. டிமெசேஜ் (dmesg) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், கொலை வழக்கு முழு விவரத்தோடு பதிவாகியிருக்கும்.

கைக்கணக்கு இதுதான்: ஒரு த்ரெட்டுக்கு (கோர் ஒரே சமயத்தில் ஓட்டும் வேலை வரிசை, இங்கே கோருக்கு இரண்டு) 2 ஜிபி. 16 கோர் ப்ராசஸரில் 32 த்ரெட், ஆக 64 ஜிபி. இது சராசரி. டெம்ப்ளேட்டை அள்ளிப் போட்டு எழுதிய ஃபைல் ஒன்றே 3, 4 ஜிபி சாப்பிடும், அப்படி நாலைந்து ஒரே நேரத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். டீபக் விவரத்தோடு (தப்பைத் தேட உதவும் கூடுதல் தகவல்) லிங்க் செய்வது இன்னும் மோசம். கம்பைலர்களைக் கட்டும் எல்எல்விஎம் மாதிரி பெரிய திட்டங்களில் கடைசியில் பத்து இருபது லிங்க் வேலைகள் ஒன்றாகக் கிளம்பும், ஒவ்வொன்றும் ஜிபி கணக்கில் கேட்கும். அதனால்தான் எல்எல்விஎம்-இல் லிங்க் வேலைகளின் எண்ணிக்கையை மட்டும் தனியாகக் குறைத்து வைக்க ஒரு அமைப்பே கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் ப்ரௌசர் உண்டு, எடிட்டர் உண்டு, எடிட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உங்கள் நிரல் முழுவதையும் படித்துக்கொண்டிருக்கும் கிளாங்டி உண்டு, அதுவும் லேசான ஆள் இல்லை. மிச்சம் இருக்கும் ரேமையும் லினக்ஸ் சும்மா விடாது, படித்த ஃபைல்களை எல்லாம் அதில் வைத்துக்கொள்ளும், இரண்டாவது தடவை ஹெடரை (பல ஃபைல்கள் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளும் ஃபைல்) தேடி டிஸ்க்குக்குப் போக வேண்டியதில்லை.

ஆக 32 போதாது. 64-இல் ஓட்டலாம். என்னைக் கேட்டால் 96: 48 ஜிபி ரேம் இரண்டு.

ஏன் இரண்டு என்றால், உங்கள் ஸ்லாட் கேள்விக்கு வருகிறோம். ஸ்லாட் நாலு இருந்தாலும் இந்த ரக ப்ராசஸர்களுக்கு மெமரி சேனல் இரண்டுதான். நாலு ரேமைச் செருகினால் ஒரே பாதையில் இரண்டிரண்டு பேர் நிற்கிறார்கள், மின் சமிக்ஞை கெடுகிறது, ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி கொடுக்கும் உத்தரவாதம் இரண்டு ரேம் என்றால் டிடிஆர்5 (இந்த ப்ராசஸர்களுக்கான ரேம் வகை) 5600 வேகம், நாலு போட்டால் 3600. அதற்கு மேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் கேட்க ஆள் கிடையாது. "இப்போது இரண்டு 16 வாங்கிக்கொள்கிறேன், பிறகு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்கிறேன்" என்று டிடிஆர்4 காலத்தில் எல்லாரும் செய்தோம், அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதலிலேயே இரண்டு பெரியதாக வாங்குங்கள்.

ரேம் வேகம் 6000-மா 6400-ஆ, தாமதத்தைக் காட்டும் சிஎல் எண் என்ன என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கம்பைலில் அந்த வித்தியாசத்தைக் கடிகாரம் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், மெமரி பற்றாமல் ஸ்வாப்புக்கு (ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கைப் பயன்படுத்துவது) போனால் கடிகாரமே வேண்டாம், நாள்காட்டி போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: புதிய போர்டில் முதல் தடவை பவர் கொடுத்ததும் திரை கறுப்பாகவே நிற்கும், டிடிஆர்5 தன்னைத்தானே சரிசெய்துகொள்ள நேரம் எடுக்கும், ரேம் பெரிதானால் சில நிமிஷங்கள்கூட. பயந்துபோய் பட்டனை அழுத்தி அணைத்துவிடாதீர்கள். நான் அணைத்தேன், மூன்று தடவை.

விலை விஷயம் உங்களுக்கே தெரிந்திருக்கும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை கண்டபடி ஏறிவிட்டது. ப்ராசஸரை ஒரு படி குறைத்து அந்தக் காசை ரேமில் போடலாமா என்றால், போடலாம். 12 கோரும் 64 ஜிபியும், 16 கோரும் 32 ஜிபியும் ஒரே விலைக்கு வந்தால் நான் யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன்.

கேள்வி: ரீயூனியனில் இருக்கும் மாமா பையன் பழைய சர்வரிலிருந்து கழற்றிய ஜியான் ப்ராசஸர் இரண்டும் போர்டும் சல்லிசாகத் தருகிறேன் என்கிறான். இ5-2690 வி4, ஒன்றுக்கு 14 கோர், மொத்தம் 28. வாங்கலாமா? (வாசகர், போர்ட் லூயிஸ்)

2016 வருஷத்துச் சரக்கு. கோர் கணக்கு சரி, ஆனால் ஒவ்வொரு கோரும் அடிப்படையில் 2.6 கிகாஹெர்ட்ஸ், தனியாக ஓடினாலும் 3.5 தாண்டாது. இரண்டு வரி மாற்றிவிட்டு லிங்க் செய்யும்போது உங்கள் லேப்டாப்பைவிட மெதுவாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஒன்று 135 வாட், இரண்டு 270, மேலே சர்வர் ஃபேன் போடும் சத்தம். இரவில் தானாக ஓடும் பில்ட் சர்வராக மாடி அறையில் வைப்பதென்றால் வாங்குங்கள், மேசையில் வைத்து வேலை செய்ய வேண்டாம். மாமா பையன் ரேமையும் சேர்த்துத் தந்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம்.

கேள்வி: மதர்போர்டுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்? எக்ஸ்870இ வாங்கினால்தான் 9950எக்ஸ் முழு வேகத்தில் ஓடும் என்று கடையில் சொன்னார்கள். (வாசகர், வக்குவா)

சொல்வார்கள். போர்டில்தான் அவர்களுக்கு லாபம்.

எக்ஸ்870இ என்பது போர்டின் இணைப்புகளைக் கவனிக்கும் சிப்செட்டின் பெயர், அந்தப் பெயருக்கும் கம்பைல் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதில் இருப்பது யுஎஸ்பியும் கூடுதல் பிசிஐ பாதைகளும் (டிஸ்க், கார்டு செருகும் வழி), அதைவிட எளிய பி650-இல் ஒன்றாக இருக்கும் சிப் அங்கே இரண்டாக இருக்கும், அவ்வளவுதான். நாலு எம்.2 டிஸ்க், இரண்டு கிராபிக்ஸ் கார்டு போடுகிறவருக்கு அது வேண்டும், உங்களுக்கு வேண்டாம். கிராபிக்ஸ் கார்டே வேண்டாம், 9950எக்ஸில் திரைக்குப் படம் காட்டுகிற அளவுக்கு உள்ளேயே இருக்கிறது, நிரல் எழுத அது தாராளம்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. போர்டின் படத்தை எடுத்து ப்ராசஸர் சாக்கெட்டின் இடது பக்கமும் மேல் பக்கமும் பாருங்கள், அலுமினியக் கட்டி இரண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு அடியில்தான் ப்ராசஸருக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் விஆர்எம் இருக்கிறது. கேம் விளையாடும்போது ப்ராசஸர் முழு மின்சாரத்தை எப்போதாவதுதான் இழுக்கும், கம்பைல் அப்படி இல்லை, பதினைந்து நிமிஷம் எல்லாக் கோரும் விடாமல் இழுக்கும், 9950எக்ஸ் என்றால் 200 வாட் அளவுக்கு. கட்டி இல்லாத மலிவு போர்டில் விஆர்எம் கொதித்து, ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் கொடுத்த காசு அங்கே ஆவியாகும். பி650 அல்லது பி850-இல் கனமான கட்டி உள்ள ஒன்று போதும்.

இரண்டாவது, பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ஃப்ளாஷ்பேக் பட்டன். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கடையில் வாங்கிய போர்டு பெட்டியில் ஒரு வருஷமாகத் தூங்கியது, அதன் பயாஸுக்கு என் புது ப்ராசஸர் யாரென்றே தெரியவில்லை. கடைக்காரர் "ப்ராசஸர் கெட்டது" என்றார், ப்ராசஸர் விற்றவர் "போர்டு கெட்டது" என்றார், நடுவில் நான் மூன்று நாள் இரண்டு பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அலைந்தேன். அந்தப் பட்டன் இருந்திருந்தால் ஒரு பென் டிரைவில் புதிய பயாஸைப் போட்டு, ப்ராசஸரே இல்லாமல் பத்து நிமிஷத்தில் முடித்திருக்கலாம்.

மூன்றாவது இசிசி மெமரி, தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் வகை. ஒரு பிட் புரண்டாலும் கண்டுபிடிக்க வேண்டிய வேலை என்றால், ஏஎம்5-இல் சில போர்டுகள் அதை ஏற்கும், கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிடிஆர்5-இல் எல்லாவற்றிலும் இசிசி இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அது சிப்புக்குள் மட்டும் நடக்கும் திருத்தம், சிப்பிலிருந்து ப்ராசஸர்வரை வரும் வழியில் நடக்கும் தப்பை அது பார்க்காது என்று சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் பைத்தான் படிக்கிறான், 16 கோர் கேட்கிறான். (ஒரு அம்மா, ரோஸ் ஹில்)

வேண்டாம்மா. விளையாடக் கேட்கிறான்.

கேள்வி: புது மெஷின், எல்லாம் நல்ல சரக்கு. ஆனால் பில்ட் பாதியில் "இன்டர்னல் கம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று நிற்கிறது. மறுபடி ஓட்டினால் அந்த ஃபைல் தாண்டிவிடுகிறது, வேறொரு ஃபைலில் நிற்கிறது. கம்பைலரை மூன்று தடவை மாற்றிப் போட்டுவிட்டேன். (வாசகர், எபேன்)

கம்பைலரை விட்டுவிடுங்கள், பாவம். மென்பொருள் தப்பு என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்கும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் வன்பொருள். கம்பைலைப் போல ப்ராசஸரையும் மெமரியையும் விடாமல் சோதிக்கிற வேலை வீட்டு மெஷினில் வேறு கிடையாது, அதனால் குறை இருந்தால் முதலில் அங்கேதான் தலை காட்டும்.

இது இன்று நேற்று கதையும் இல்லை. 2017-இல் முதல் ரைசன் வந்தபோது, லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலரையே திரும்பத் திரும்பப் பல வேலைகளாகப் பிரித்து கம்பைல் செய்தவர்கள்தான் அந்த செக்மென்டேஷன் ஃபால்ட்டைக் கண்டுபிடித்தார்கள். ஆகஸ்டில் ஏஎம்டி ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு ப்ராசஸரை மாற்றிக் கொடுத்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் அதிக மின்னழுத்தம் கேட்டுத் தாங்களே தேய்ந்துபோன கதை 2024-இல் நடந்தது. அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்கள் வந்தன, வாரன்ட்டியையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். உங்களுடையது அந்த வகை என்றால் முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். திருத்தம் மேலும் தேயாமல் தடுக்கும், தேய்ந்ததைத் திருப்பித் தராது, அதனால் அப்புறமும் கோளாறு நின்றபாடில்லை என்றால் வாரன்ட்டியில் மாற்றக் கேளுங்கள்.

வேறு வகை என்றால் வரிசையாகப் பாருங்கள். பயாஸில் போய், ரேமைப் பெட்டியில் போட்ட கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி-யை அணைத்து ரேமை அதன் சாதாரண வேகத்தில் ஓடவிட்டு ஒரு பில்ட். கோளாறு நின்றுபோனால் அங்கேயே கதை முடிந்தது, அந்த அட்டைப்பெட்டி வேகம் உங்கள் மெஷினுக்கு ஒத்துவரவில்லை. நிற்காவிட்டால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு முழுக்க. சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் ஒரு ரேமைக் கழற்றி மற்றதை மட்டும் வைத்துப் பாருங்கள், கெட்டது எது என்று பிடிபடும். என்னிடம் ஒரு ரேம் இருந்தது, பகலில் யோக்கியன், இரவு பில்ட்டில் மட்டும் சொதப்பும். இரண்டு வாரம் என் நிரலைத் திட்டினேன்.

கேள்வி: கியூர்பிப்பில் இருக்கிறேன். எப்போதும் மழை, சுவரெல்லாம் பூசணம். இப்படி ஒரு மெஷின் இங்கே தாங்குமா? புயல் சமயத்தில் மின்சாரம் போனால் என்ன செய்வது, எவ்வளவு பெரிய யூபிஎஸ் வேண்டும்? (வாசகர், கியூர்பிப்)

ஈரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும், அதன்மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளாது. மாதக்கணக்கில் அணைத்து மூலையில் வைத்தால்தான் வம்பு. கடலோரத்து ஆட்களுக்கு உப்புக் காற்று இதைவிட மோசம். சொல்லப்போனால் உங்கள் ஊர்க் குளிர் கம்பைலுக்கு ஒரு வரம், ஜனவரியில் போர்ட் லூயிஸில் 200 வாட்டைக் குளிர வைக்கிறவனைக் கேட்டுப் பாருங்கள்.

அங்கே இருக்கிறவர்களுக்கும் யூபிஎஸ் வாங்குகிறவர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். பயாஸில் ஈகோ மோடு என்று இருக்கும். 9950எக்ஸை அதில் 105 வாட் அமைப்பில் போட்டால் உண்மையில் 142 வாட்டோடு நிற்கும், 65 வாட் அமைப்பில் போட்டால் 88. மின்சாரம் பாதியாகும்போது வேகம் பாதியாகாது, கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் ப்ராசஸர் அவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கிறது. ஒரு கோர் மட்டும் ஓடும் லிங்க் வேலையில் அநேகமாக வித்தியாசமே தெரியாது. என் மெஷின் வருஷம் முழுக்க 105-இல்தான் ஓடுகிறது, ஃபேன் சத்தம் குறைந்ததில் வீட்டிலும் சமாதானம்.

யூபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், வாட் எவ்வளவு என்று கேளுங்கள். 1000 விஏ என்று பெட்டியில் போட்டிருக்கும், கொடுப்பது 600 வாட்டாக இருக்கும். உங்களுக்கு அது போதும். ஆனால் வெளியீடு உண்மையான சைன் அலையா என்று பாருங்கள். இப்போதைய நல்ல பவர் சப்ளைகளில் சில, மலிவு யூபிஎஸ்களின் சதுர அலையைக் கண்டதும் படக்கென்று அணைந்துவிடும், அப்புறம் யூபிஎஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். மின்சாரம் போன பிறகு பில்ட்டை முடித்துவிடலாம் என்று கனவு காணாதீர்கள், அந்தச் சில நிமிஷம் ஒழுங்காக அணைப்பதற்கு. நின்றுபோன பில்ட்டை, பில்ட் ஓட்டும் கருவிகளான மேக்கோ நின்ஜாவோ விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், பாதி எழுதிய நிலையில் செத்த ஃபைல் ஒன்றிரண்டை அழிக்க வேண்டி வரலாம்.

புயலில் மூன்றாம் எச்சரிக்கை வந்துவிட்டால் கம்பைல், கிம்பைல் எல்லாவற்றையும் மூட்டை கட்டுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், நெட்வொர்க் கேபிளையும் பிடுங்குங்கள், பாதிப்பேர் இதை மறந்துவிட்டு இடி அதன் வழியாக வந்த பிறகு எனக்கு எழுதுகிறார்கள். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி மேசைமேல் வையுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருவில் கார்களே மிதந்தன. கியூர்பிப் மேட்டில் அவ்வளவு வராது, ஆனால் ஜன்னல் சந்தில் நுழைகிற மழை போதும். நிரலை முந்தின நாளே வெளியூர் சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் மெழுகுவர்த்தி, கெட்டிலில் ஒரு வனிலா டீ. அதையும் மின்சாரம் போவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள்.